ஏழு மாதத்துக்கு மூன்று நாள்

மஹய்யாவ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள யசோதா அக்காவுக்கு, மதுஷா வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் பேசினால் அழுதுவிடுவேன். மெசேஜ் போட்டால் நீங்கள் பெருவிரல் படம் அனுப்புவீர்கள்.

கொழும்பில் இருநூறு பேருக்குச் சம்பளம் போடுகிற நீங்கள், நான் பிலிமத்தலாவைப் புடவைக்கடையில் சேர்ந்த அன்று சொன்னீர்கள்: முதல் வருடத்தில் இரண்டு மாதம் முழுதாக வேலை செய்தால் ஒரு நாள் லீவு சேரும், அடுத்த வருடத்திலிருந்து வருடத்துக்கு ஏழு நாள், வீணாக்காதே என்று. நான் வீணாக்கவில்லை, அக்கா. அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்குப் பக்கத்தில் இருக்க என்னை விட்டால் ஆளில்லை என்று ஒவ்வொரு நாளாகச் சேர்த்தேன். ஏழு மாதத்துக்கு மூன்று நாள். மிச்ச ஒரு மாதம் ஜோடி கிடைக்காமல் நிற்கிறது. போன வாரம் காய்ச்சல் வந்தபோதும் அந்த மூன்றில் கைவைக்க மனமில்லாமல் வேலைக்குப் போனேன். சாரி விரித்துக் காட்டும்போது சாமான் வாங்க வந்த ஒரு முஸ்லிம் உம்மா என் கையைத் தொட்டுவிட்டு, "புள்ள, ஒடம்பு நெருப்பா கொதிக்குதே, ஊட்டுக்குப் போங்களே" என்றார். நான் விலையைச் சொன்னேன்.

லீவு கேட்கத் தைரியம் வரவே ஒரு வாரமானது. கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மையிடம் முதலில் கேட்டுப் பழகினேன், அது மறுக்கவில்லை. பிறகு லீவுப் புத்தகம் வைத்திருக்கிற கணக்கர் மோகனராஜ் அண்ணனிடம் போனேன்.

"மூணு நாளா? நீ இன்னும் புத்தகத்துலயே ஏறலியே, தங்கச்சி."

"ஏழு மாசமா வர்றேனே, அண்ணே."

"பேரு எழுதினாத்தான் லீவு சேரும். நீ நிலைச்சு நிக்கிறியான்னு பார்ப்போம்னு வச்சிருந்தேன், நீ ஒரு நாள் கூட எடுக்கல. லீவே எடுக்காத புள்ளைக்கு லீவு எதுக்கு?"

சொல்லிவிட்டு என் முகத்துக்கு நேரே சிரித்தார். நான் அவர் முகத்துக்கு நேரே தும்மினேன். வேண்டுமென்று இல்லை, அக்கா. சுகமில்லாமல் போவதற்கும் முதலில் புத்தகத்தில் பேர் இருக்க வேண்டுமாம். காய்ச்சலுக்கு அது தெரியாது, பேர் பார்க்காமல் வந்துவிட்டது.

அடுத்த மாதம் ஐந்தாந் திகதி ஒப்பரேஷன். அதற்குள் முதலாளிக்குச் சட்டத்தை எழுதி அனுப்புங்கள். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க என்னால் முடியாது. இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன், என்ன செய்வது.

அத்தானுக்கு என் அன்பு. அம்மா உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்கிறார், காலண்டரை நீங்கள் என்று நினைத்துக்கொண்டு.

உங்கள் தங்கை,
மதுஷா

பின்குறிப்பு: தபாலுக்குப் போக நேரமில்லாமல் இது பத்து நாள் பையிலேயே கிடந்தது. முதலாளிக்கு எழுத வேண்டாம். மோகனராஜ் அண்ணன் காய்ச்சலில் எட்டு நாள் வரவில்லை. "உன் எழுத்து நல்லாருக்கு, நீ எழுது" என்று முதலாளி லீவுப் புத்தகத்தை என்னிடம் தந்தார். முதலில் என் பேரை, சேர்ந்த திகதியோடு எழுதினேன். எதிரே மூன்று நாள். "ஏழு மாசமா நீ இதுல இல்லியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். அண்ணனுக்கு வருடத்துக்கு ஏழு நாள். எட்டாவது நாளுக்கு நேரே சம்பளமில்லை என்று எழுதினேன்.