கம்பி சொல்லட்டும்

உசிலம்பட்டி ரோட்டில் மதுரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. வேலை போன அன்று நடப்பது என் வழக்கம். இந்த முறை வேலை போனதற்குக் காரணம் வால்வண்ணன். மின்சாரத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் அதை இம்மியும் நம்பாத மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ரேடியோ நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் அறை அவருடையது. கொசுக் குரலாக வரும் ஒலியைப் பெருக்கி ஊர் ஊராக அனுப்பியது, குடம் பெரிசு கண்ணாடி வால்வு; அவருக்கு அந்தப் பேர் வந்ததும் அதனால்தான். அது சூடேறாமல் ஸ்விட்சைப் போட விடமாட்டார். "எந்திரிச்சு மூஞ்சி கழுவட்டும் சார்" என்பார் அதிகாரியிடம்.

பிறகு வால்வுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் பலகைகள் வந்தன. அழுவார் என்று காத்திருந்தோம். "ஒத்தை ஆளு சுமந்தத நூறு பய சேந்து சுமக்குறான். ஒருத்தன் படுத்தா மத்தவன் தூக்குவான். நல்லதுதான?" என்றார்.

கம்பியை மட்டும் விடவில்லை. மரப்பிடி போட்ட செம்புக் கம்பி. அதன் வால் பூமிக்குள் இறங்கும். கரண்டை நிறுத்தினாலும் பெட்டிக்குள் மிச்சம் தங்கும்; கம்பியால் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். தாலி கட்டுமுன் மணப்பெண்ணையும் கம்பியால் தொட்டிருப்பார் என்று ஆபீசில் சொல்வார்கள்.

பழைய வால்வுப் பெட்டியைக் கழற்றும் நாள். பழைய சாமான்களோடு கம்பியும் ஏற்கெனவே காயலான்கடை லாரிக்குப் போய்விட்டது.

"கைய விட்டுக் கழத்துய்யா" என்றார் அதிகாரி என்னிடம். "கரண்டு போயி ரெண்டு மாசமாச்சு."

வால்வண்ணன் குறுக்கே நின்றார். "கம்பி வரட்டும்."

"அது செத்துப்போச்சுய்யா!"

"செத்துச்சான்னு நீங்க சொல்லப்படாது சார். கம்பி சொல்லணும்." என் பக்கம் திரும்பினார். "மாப்ள, கைய விட்ட, நானே ஒடிப்பேன்."

"கழத்துறியா, வீட்டுக்குப் போறியா?" என்றார் அதிகாரி.

கையைக் கட்டிக்கொண்டேன். வால்வண்ணன் நிரந்தரம், நான் தினக்கூலி. நீக்கச் சுலபமானவனை நீக்கினார்கள்.

வால்வண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி லாரியில் ஏறி, கம்பியைத் தேடியெடுத்து வந்து, வாலைப் பூமியோடு இணைத்துப் பெட்டியைத் தொட்டார். ஒரு பொறிகூட வரவில்லை. அறையே சிரித்தது.

"பாத்தியாய்யா?"

"பாத்துட்டேன்ல சார். இனிமே கழத்தட்டும்."

கேட் வரை வால்வண்ணன் கூடவே வந்தார். "கோவமா மாப்ள?"

"கை ரெண்டும் இருக்குல்லண்ணே. பொழச்சுக்கிருவேன்."

மறுநாள் காலை சிம்மக்கல்லில், கல்யாண வீடுகளுக்கு மைக்செட் வாடகைக்கு விடும் கடையில் வேலை கிடைத்தது. மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயரை முதலாளி என் முன்னால் வைத்தார்.

"பிளக்கப் பிடுங்கியாச்சு. உள்ள தூசியத் தட்டு."

சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"என்னத்தய்யா தேடுற?"

"ஒரு கம்பி வேணும்ணே."

அவர் சிரித்தார். சிரிக்கட்டும். கம்பி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.