ஐஸ் அக்காவும் இரண்டு போத்தல் பாலும்

ஈப்போவிலேயே பிரிட்ஜில் சேலையும், சேலை வைக்கும் டிரங்குப் பெட்டியில் மீனும் வைத்திருந்த ஒரே பெண்மணி எங்கள் பக்கத்து வீட்டு ஐஸ் அக்காதான். வேறு யாராவது இருந்தால் மன்னிக்கவும். இருக்க மாட்டார்கள்.

அந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த புதிதில் அக்கா வீட்டில் தண்ணீர் கேட்டேன். நேரே படுக்கையறைக்குப் போய், ஈரச் சாக்கு சுற்றிய மண்பானையிலிருந்து மொண்டு வந்தார். பல் கூசியது. அந்த நேரம் பார்த்து அவருடைய வீட்டுக்காரர், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இடுப்பில் துண்டோடு வந்து பிரிட்ஜைத் திறந்தார். மடித்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நானும் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அந்தப் பிரிட்ஜு என் மவன் வாங்கிக் குடுத்தது. உள்ள லைட்டு எரியுது பாத்தியா? லைட்டுன்னா சூடு. சூட்ட உள்ள வச்சிக்கிட்டு அது எப்படிலா குளிர வைக்கும்?"

"கதவ மூடினா லைட்டு அணைஞ்சிரும் அக்கா."

"யாரு உள்ள போயி பாத்தா?"

வீட்டுக்கு வந்து என் பிரிட்ஜ் கதவைச் சிறுகச் சிறுக மூடி எட்டிப் பார்த்தேன்.

அக்கா பிறந்தது ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில். அங்கே தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு இருட்டிய பிறகு சற்று நேரம்தான் மின்சாரமாம். மரத்தூளுக்குள் ஐஸ்கட்டியைப் புதைத்து, அதற்குள் மீனை வைப்பார்களாம். அதே முறையை டிரங்குப் பெட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். மார்க்கெட்டில் ஐஸ், நாற்காலி செய்யும் பட்டறையில் மரத்தூள். எந்தப் பாத்திரத்தில் எது இருக்கிறது என்பது மட்டும் அவருக்கே சரியாகத் தெரியாது.

இப்படியிருக்கையில் எனக்குக் குறைமாதத்தில் மகள் பிறந்தாள். கைக்குள் அடங்கும் பிள்ளை. அவளை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு நான் மட்டும் வீடு திரும்பினேன். கணவருக்குப் பினாங்கில் வேலை. தாய்ப்பாலை எடுத்துப் போத்தலில் அடைத்து, குளிர வைத்து, காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பாலைத் தவிர அவளுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் தாமான் முழுக்க மின்சாரம் போய்விட்டது. இரண்டு போத்தலையும் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அழுதேன்.

"குடு இங்க," என்று அக்கா வாங்கிக்கொண்டு போனார்.

காலையில் அவரே ஒரு பையில் ஐஸ் சுற்றிப் போத்தல்களைக் கொடுத்தார். வார்டில் தாதி மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"இது தேங்காப்பால்லா," என்றாள்.

முன்பு நான் கொடுத்த காலிப் போத்தல்களில் அக்கா தேங்காய்ப்பால் ஊற்றி வைத்திருக்கிறார்! அப்படியென்றால் என் பால்? போன் போட்டேன்.

"அய்யய்யோ! அவரு மீன் கொழம்பு வைக்கிறாரு!" என்று அக்கா அலறியது வார்டுக்கே கேட்டது. "ஏங்க! நிறுத்துங்க!"

"என்னாத்த நிறுத்த? அடுப்பயா?" என்று பின்னால் அவர் குரல்.

"கைய!"

போன் நின்றுவிட்டது.

அரைமணி நேரம் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் அண்ணே, அக்காவின் வீட்டுக்காரர். பின்னால் அக்கா, மடியில் டிரங்குப் பெட்டி. வந்த வழியெல்லாம் தண்ணீரும் மரத்தூளும். காவலாளி பெட்டியை முகர்ந்துவிட்டு, "இக்கான்?" என்றார், மீனா என்று.

"சூசு! சூசு!" என்று கத்தினார் அக்கா, பால் என்று. மீன் வாடை அடிக்கும் பெட்டியைக் காட்டிப் பால் என்றால் யார் நம்புவார்கள்? காவலாளி மேலதிகாரியைக் கூப்பிட, மேலதிகாரியும் முகர்ந்து பார்க்க, அக்கா பொறுமையிழந்து தன் மார்பைத் தொட்டு, என்னையும் காட்டி, பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் இரண்டு கையையும் ஆட்டினார். இரண்டு ஆண்களும் முகம் சிவந்து வழிவிட்டார்கள்.

பெட்டியில் ஒரு போத்தல்தான் இருந்தது. மூடி திறக்காமல், சில்லென்று. தாதி தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். சற்று நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் சொட்டுச் சொட்டாக அதைக் குடித்தாள். அக்கா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "குடிக்கிறா பாரு, குடிக்கிறா பாரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்னொரு போத்தல் என்ன ஆனது? அண்ணேயைக் கேட்டால் ஒருநாள் "நான் ஊத்தவே இல்ல" என்பார். இன்னொருநாள் "கொஞ்சம்தான்" என்பார். ஒருமுறை, "பூனை தட்டி விட்டிருச்சு" என்றார். அவர்கள் வீட்டில் பூனையே கிடையாது.

மகள் வீட்டுக்கு வரும்வரை தினமும் காலையில் அந்த மோட்டார் சைக்கிள் ஆஸ்பத்திரிக்குப் போனது, இருவரும் டிரங்குப் பெட்டியும். மின்சாரம் திரும்பி வந்த பிறகும் நான் என் பிரிட்ஜில் பாலை வைக்காமல் அக்காவிடமே கொடுத்தேன். ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற என் மாமியாரைத் தாண்டிப்போய், பிள்ளையை முதலில் ஐஸ் அக்கா கையில் கொடுத்தேன். மாமியார் இன்னும் அதற்காக என்னோடு சரியாகப் பேசுவதில்லை.