ஏலக்காய் போட்டிக்கு வராது

மேன்மை பொருந்திய மச்சானும், முயல்கள் தடை தாண்டும் போட்டிகளின் தலைமை நடுவருமான ஹில்மெர் அவர்களுக்கு, உப்சாலாவிலிருந்து டோர்க்கெல் மரியாதையுடன் எழுதுவது.

இங்கே நான் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. பணியில் இருந்த காலமெல்லாம் நகரப் பேருந்தின் கிளட்ச்சை மிதித்த முழங்கால் அது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தங்கள் தங்கை குன்வோர் என்னைவிடச் சுகம். அங்கே தாங்களும் தங்கள் புதிய பல்செட்டும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போகப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஷேவ்டே நகரப் போட்டியில் எங்கள் முயல் ஏலக்காய் ஓடாது, பெயரை எடுத்துவிடவும். காரணம் ஊசி. ஊசி போட்ட முயல் ஓடுபாதைப் பக்கம் சில வாரத்துக்குத் தலைகாட்டக் கூடாது என்று விதி எழுதியவரே தாங்கள்தான். இந்தக் கடிதம் எழுதுவது குன்வோருக்குத் தெரியாது. போன வருஷம் ஒரே ஒரு கம்பு விழுந்து கோப்பை கைநழுவியதிலிருந்து அவள் இந்தப் போட்டிக்காகவே மூச்சு விடுகிறாள் என்பது தாங்கள் அறிந்தது. இப்போதே புல்லும் தண்ணீர்க் கிண்ணமும் பையில் எடுத்து வைத்துவிட்டாள். ஊசி விதியை அடியோடு மறந்துவிட்டாள் போலிருக்கிறது. பாட்டுப் பாடிக்கொண்டு பை கட்டுகிறவளிடம் போய் நினைவுபடுத்த எனக்குத் தைரியம் இல்லை, தாங்கள் அண்ணன், தாங்களே சொல்லிக்கொள்ளவும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இந்த இரண்டு வெள்ளை முயல்களும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவை. ஒன்றுக்கு ஆராய்ச்சிக்காக ஊசி போட்டு ரத்தம் எடுத்திருந்தார்கள், இன்னொன்று சும்மா துணைக்கு இருந்தது. இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். காதில் பேனாவால் போட்டிருந்த அடையாளத்தை அதுகள் ஒன்றையொன்று நக்கியே அழித்துவிட்டன. ஆனாலும் எது ஊசி போட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. வந்த அன்றே ஒன்று தூசி உறிஞ்சும் மெஷினைத் தாண்டிக் குதித்தது, மற்றது அந்த மெஷினின் வயரைத் தின்றது. பல்கலைக்கழகத்தில் பாடுபட்டது தாண்டிய முயல்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காபியோடு எந்த பன் சாப்பிடுவது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை அல்லவா, அதனால் குன்வோர் தாண்டிய முயலுக்குத் தனக்குப் பிடித்த ஏலக்காயின் பெயரையும், வயர் தின்றதற்கு எனக்குப் பிடித்த பட்டையின் பெயரையும் வைத்தாள். ஏலக்காய்க்கு மார்பில் மாட்டச் சிவப்பு வார், பட்டைக்கு நீலம். அதன்பின் ஒரு குழப்பமும் இல்லை.

பனி உருகத் தொடங்கிய சமயம், ஹெட்விக் என்று ஒரு பெண், கூடவே ஒரு கால்நடை மருத்துவரோடு, வந்தாள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். வாசலில் காலணியைக் கழற்றியதும் ஒரு காலுறையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது, அதை மற்றக் காலால் மறைத்தபடி நின்றுகொண்டு, "உங்க முயல்கிட்டேருந்து கொஞ்சம் ரத்தம் கிடைக்குமான்னு கேட்க வந்தேன்" என்றாள்.

"முதல்ல உட்கார்ந்து காபி குடி. ரத்தத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் குன்வோர்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நாம் மூச்சு விடுகிற ஆக்சிஜன் இருக்கிறதே, அது நம் பழைய காருக்குச் செய்வதை நமக்கு உள்ளேயும் செய்கிறதாம். ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ. என்ற நீண்ட எழுத்துச் சங்கிலியில் அங்கங்கே ஓர் எழுத்து துருப்பிடிக்கிறது. விட்டால் அடுத்த முறை பிரதி எடுக்கும்போது தப்பாகப் படிக்கப்படும், அதிலிருந்து புற்றுநோய்வரை போகலாம். ஆனால் அந்தத் துருப்பிடித்த எழுத்தை மட்டும் தேடிப் பிடித்துப் பிடுங்கி எறிய உள்ளேயே ஒரு மெக்கானிக் இருக்கிறானாம். ஒரு புரதம்தான் அவன். பெயர் ஓ.ஜி.ஜி. ஒன்று. ஏதோ பேருந்தின் தடம் எண் என்று நினைத்து, எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டுவிட்டேன்.

"அதேதான் என் ஆராய்ச்சி" என்றாள் ஹெட்விக், கொஞ்சமும் சிரிக்காமல். "துரு விழுந்ததும் அது செல்லுக்குள்ள எங்கேருந்து எங்கே போகுதுன்னு பார்க்கிறேன். ஆனா அது கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்ச ஒருத்தர் போய்ப் பிடிச்சுக்கணும். அந்த ஒருத்தர்தான் ஆன்டிபாடி. மனுஷனோட ஓ.ஜி.ஜி. ஒன்றை முயலுக்கு ஊசியில போட்டா, யாரோ வெளியாள் வந்துட்டான்னு முயலோட ரத்தம் அவன் முகத்தை மனசுல வச்சுக்கும். அப்புறம் எங்கே பார்த்தாலும் போய்ப் பிடிச்சுக்கும்."

மச்சான், அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. தினமும் கேரட் கொடுக்கும் என்னையும் வாசலில் இருக்கும் குடைத் தாங்கியையும் ஒரே மாதிரி பார்க்கிற முயல் இது. எனக்குள் ராப்பகலாக உட்கார்ந்து துரு பார்க்கும் ஒருவனை, நானே இதுவரை கண்டிராத ஒருவனை, அதற்கு முகத்தைப் பார்த்தே தெரியும். குளிக்கும்போது என் கையை உற்றுப் பார்த்தேன். உள்ளே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சம்பளம் இல்லாமல், ஓய்வும் இல்லாமல் என்று நினைத்தபோது எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

ஹெட்விக்கின் கஷ்டம் என்னவென்றால், நம் முயல் கொடுத்த பழைய ஆன்டிபாடி தீர்ந்துபோயிற்று. கடையில் அதே பெயர் ஒட்டிய புதுக் குப்பி வாங்கினாள். அது கண்டவனையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. மெக்கானிக்கை அடியோடு நீக்கிய செல்களை அவர்கள் தனியாக வளர்த்து வைத்திருக்கிறார்கள், அதில் போட்டுப் பார்த்தாலும், இதோ இருக்கிறான் என்று கோடு காட்டுகிறது. கைபேசியில் படத்தைக் காட்டினாள், ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கோடு.

"குப்பி மேல பேரு சரியாத்தானே இருக்கு" என்றேன்.

"பேரை நம்பவே கூடாது, டோர்க்கெல். ஆள் இல்லாத இடத்துல வாயை மூடிட்டு இருக்குதான்னு பார்த்துட்டுத்தான் நம்பணும். கடைசிச் சோதனையை நான் மறுபடி செய்து காட்டணும், இல்லேன்னா என் ஆய்வேட்டுக்கு ஆணி அடிக்க விடமாட்டாங்க."

ஆணி அடிப்பது தங்களுக்குத் தெரிந்ததுதானே, தங்கள் மருமகனும் அடித்தவன்தான். ஏட்டைத் துளைபோட்டுச் சுத்தியலால் பல்கலைக்கழகப் பலகையில் அறைந்த பிறகு ஓர் எழுத்தை மாற்ற முடியாது, அறையாவிட்டால் பட்டமும் இல்லை. ஐந்து வருஷ உழைப்பு, உதவித்தொகையும் முடியப் போகிறது. இதைச் சொல்லிக்கொண்டே ஏலக்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் மலையாகக் குவித்துவிட்டாள், ஒரு துண்டும் வாய்க்குள் போகவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் உடனே சரி என்றேன். குன்வோர் என்னைப் பார்த்த பார்வையில் காபி ஆறிப்போயிற்று. "ஏலக்காய் இப்பத்தான் நல்ல வேகத்துக்கு வந்திருக்கு. ஊசியைப் போட்டுப் படுக்க வச்சுட்டா?" என்றாள்.

"முதல்ல துளி ரத்தம் மட்டும்தான். அதுக்கு இன்னும் ஞாபகம் இருக்கான்னு பார்ப்போம். இல்லேன்னா நான் திரும்ப வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றாள் ஹெட்விக். குன்வோர் ஜன்னல் வழியே முயல்களைப் பார்த்தாள். பிறகு, எதிர்பாராத விதமாக, "சரி, நானே தூக்கிட்டு வரேன்" என்று பின்கட்டுக்குப் போனாள். கொஞ்சம் தாமதமாகச் சிவப்பு வாரோடு தூக்கிவந்து, ஹெட்விக்கோடு வந்திருந்த கால்நடை மருத்துவரின் மடியில் வைத்தாள். என் மனைவி இவ்வளவு பெருந்தன்மையானவள் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

ஞாபகம் இருந்தது, மச்சான். அந்த ஒரு துளி, மெக்கானிக் இருக்கும் செல்லில் ஒரே ஒரு கோடு காட்டியதாம், இல்லாத செல்லில் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாம். ஹெட்விக் தொலைபேசியில் அழுதாள். செய்தியைச் சொன்னதும் குன்வோர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "நிஜமாவா? இதுக்கா தெரியுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அறிவியல் அவளையும் அசைத்துவிட்டது. பிறகு ஞாபகத்தைக் கூட்டும் ஊசியும் போட்டார்கள், மறுபடி ரத்தமும் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் குன்வோர்தான் சிவப்பு வாரை மாட்டித் தூக்கி வந்தாள், நான் கிட்டே போகவும் விடவில்லை.

ஹெட்விக் ஆணி அடித்துவிட்டாள். எங்களையும் கூப்பிட்டிருந்தாள். சுத்தியலை ஓங்கியவள் முதல் அடியைத் தன் கட்டைவிரலிலேயே வைத்தாள். சரியாகிவிடும், அதற்கெல்லாம் உள்ளேயே ஆள் இருக்கிறான் என்று நான் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டின் நன்றிப் பக்கத்தில் அவள் பேராசிரியருக்கு அடுத்தபடியாக, 'தவறாமல் அடையாளம் கண்ட ஏலக்காய்க்கு' என்று அச்சடித்திருக்கிறது. நான் அதைப் படம் எடுத்துச் சமையலறையில் மாட்டினேன். அன்றிலிருந்து குன்வோர் அந்தப் பக்கம் பார்க்காமலே சமைக்கிறாள், பெருமை தாங்க முடியவில்லை போலும்.

இப்போது ஏலக்காயின் நிலைமையைச் சொன்னால் தாங்கள் மனம் கலங்குவீர்கள். சிவப்பு வார் மாட்டியிருக்கும் நேரங்களில் அது தடையைத் தாண்டவே மறுக்கிறது. கிட்டே போய் முகர்ந்து பார்த்துவிட்டுக் கம்பைக் கொறிக்கிறது. அறிவுக்காக உடலைக் கொடுத்த உயிர். ஆனால் விசித்திரம் என்னவென்றால், நீல வாரோடு இருக்கும் பட்டை அதே நேரங்களில் பிரமாதமாகத் தாண்டுகிறது, ஒரு கம்புகூட அசைவதில்லை. இதை நான் ஆழ்ந்து யோசித்தேன். ஒரே தட்டில் வைக்கோல் தின்பதால் ஒன்றின் திறமை மற்றதற்கு எச்சில் வழியாகப் போயிருக்க வேண்டும். ஹெட்விக்குக்கு இதை எழுதினேன், அவள் இன்னும் பதில் போடவில்லை, ஆராய்ந்துகொண்டிருப்பாள். ஆகவே, ஏலக்காயின் இடத்தில் பட்டையைச் சேர்த்துக்கொள்ளும்படி தங்களை மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அதன் உடம்பில் இதுவரை ஒரு ஊசியும் ஏறியதில்லை என்பதற்கு நானே சாட்சி.

தங்களுக்கும் தங்கள் வீட்டில் இருகால் நாற்கால் அனைவருக்கும், துருப்பிடிக்காத நீண்ட ஆயுள் அமைய வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
டோர்க்கெல்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். தபால்தலை தேடி வந்த குன்வோர் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். படித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். ஏலக்காயின் பெயரை எடுக்க வேண்டாம், அதற்கு ஊசியே போடவில்லை.

"நான் என்ன முட்டாளா, கோப்பை வாங்கப் போற முயலைக் கொடுக்க? சிவப்பு வாரைப் பட்டைக்கு மாட்டிக் கொடுத்தேன், உனக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு அப்புறமும் அப்படியே விட்டுட்டேன். சோதிச்சுப் பார்த்தா ஞாபகம் இல்லேன்னு ஆயிடும், அந்தப் பொண்ணு வேற வழி பார்த்துக்கும்னு நினைச்சேன். வயர் தின்னதுதான் படிச்ச முயல்னு நான் என்னத்தைக் கண்டேன்? ஆமா, டோர்க்கெல், ஒரு வருஷத்துக்கு மேலா ரெண்டுக்கும் நீதான் சோறு போடுற, ஒரு நாளாவது முகத்தைப் பார்த்திருக்கியா? நீ வாரைத்தானே பார்த்தே" என்றாள்.

பட்டையிடம் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அது குடைத் தாங்கியைப் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்தது. ஹெட்விக்கிடம் தொலைபேசியில் உண்மையைச் சொன்னோம். சோதனை சொன்னதுதான் சரி, முயலின் பெயரால் அதில் ஒன்றும் மாறாது, பட்டம் போகாது என்றாள். பிறகுதான், "ஐயோ, நன்றிப் பக்கம்!" என்றாள். தவறாமல் அடையாளம் காண்பதைப் பற்றி அவள் எழுதிய ஏட்டின் நன்றிப் பக்கத்தில் இருப்பது வேறு முயலின் பெயர், அதற்குமேல் ஆணியும் அடித்தாகிவிட்டது.