வெள்ளைத் தாள் அச்சடித்த பிரிண்டர்

இந்த வருஷம் வசந்தப் பண்டிகையான ஷம் எல் நசீம் அன்றைக்கு நான் மீன் தின்பதில்லை என்று உறுதியாக முடிவு செய்தேன்.

என்னுடைய முடிவுகளுக்கு எங்கள் வீட்டில் சமையலறை வாசல் வரைக்கும்தான் அதிகாரம். அதற்கு அந்தப் பக்கம் என் மனைவி ரவ்ஹிய்யாவின் ராஜ்யம். இருந்தாலும் முடிவு முடிவுதான்.

மீன் என்றால் சாதாரண மீன் இல்லை. நபரோவில் இருக்கும் என் மச்சான் ஹில்மி தன் கையாலேயே போடும் ஃபஸீக். மீனை வெயிலில் கிடத்தி, வயிறு உப்பியதும் உப்பைக் கொட்டி, பீப்பாயில் அடைத்துவிடுவார். வசந்தப் பண்டிகை வந்ததும் மூடியைத் திறப்பார். பஸ் நபரோவுக்குள் நுழையும்போதே வாசனை ஏறி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். எகிப்தே இதை வெங்காயத்தோடு வைத்துக் கொண்டாடித் தின்கிறது. எனக்கு மட்டும் தொண்டையில் இறங்காது. வெளியே சொன்னால் என்னை நாடு கடத்திவிடுவார்கள்.

மறுக்கவும் வழியில்லை. மச்சான் ஒரு துண்டைப் பிய்த்து என் வாய்க்கு நேரே நீட்டி, "இதை நீங்க சாப்பிடலைன்னா என் பொண்டாட்டிக்கு தலாக்!" என்று சத்தியம் செய்துவிடுவார். அந்த அம்மாள் என்னைப் பாவமாகப் பார்ப்பாள். ஒரு குடும்பம் பிரியாமல் இருப்பதற்காக நான் வருஷா வருஷம் மீன் தின்று வருகிறேன்.

இந்த வருஷம் கடவுள் கண் திறந்தார். ராஸ் எல் பர் கடற்கரையில் ஒரு சின்ன வீட்டின் சாவியை ஆபீஸ் நண்பர் எனக்குக் கொடுத்தார்.

"கடலைப் பாத்த மாதிரி ரெண்டு ரூம்," என்றேன் ரவ்ஹிய்யாவிடம். "நீயும் நானும் மட்டும். ஜிலுஜிலுன்னு காத்து."

"அண்ணன் கோவிச்சுக்குவாரு."

"வருஷா வருஷம் அங்கதானே போறோம்!"

"அதனாலதான் கோவிச்சுக்குவாரு."

சொல்லிவிட்டு அவள் வரவேற்பறை மூலைக்குப் போனாள். அங்கேதான் என் கம்ப்யூட்டர் இருக்கிறது. பழசு. பின்பக்கம் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி இருக்கும். பக்கத்தில் லேசர் பிரிண்டர். ஆபீஸ் ஏலத்தில் நான் எடுத்தது. அதன் மேல் ரவ்ஹிய்யா பின்னிய லேஸ் துணி, துணியின் மேல் பூ ஜாடி.

"உஸ்தாத் ஃபிக்ரி," என்றாள். அவள் என்னை மரியாதையாகக் கூப்பிட்டால் பின்னாலேயே ஒரு வம்பு வரும். "இந்தப் பொட்டி எத்தனை மாசமா பூச்சாடியைச் சுமந்துக்கிட்டு நிக்குது? கீழ பழைய சாமான்காரன் கத்துறான். குடுத்துரவா?"

"டோனர்ல மைப்பொடி தீந்துபோச்சு, அவ்வளவுதான்! புதுசு வாங்கிப் போட்டா அச்சாபீஸே நடத்தலாம்."

"அச்சாபீஸ் வேணாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு எழுத்து அடிச்சுக் காட்டுங்க. நான் கடலுக்கு வர்றேன்."

"அடிக்கலைன்னா?"

"அண்ணன் வீடு. மூஞ்சியைச் சுளிக்காம முழுசா ரெண்டு மீன்."

நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன். கையை நீட்டினேன். அவள் கையைப் பிடித்துக் குலுக்கிய வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை புது டோனர் வாங்கி வந்தேன். கறுப்புப் பையைப் பிரித்தேன். ஓரத்தில் பிளாஸ்டிக் வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புதுப் பொருளின் பிளாஸ்டிக்கை உரிப்பது கொலைக்குற்றம். டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து உறையோடு இருக்கிறது. சோபாவும் அப்படியே. கோடையில் விருந்தாளி எழுந்தால் சோபாவும் கொஞ்ச தூரம் கூடவே வரும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளை ஒருமுறை நான் நகத்தால் சுரண்டியதற்கு இரண்டு வேளை சோறு வெட்டு. எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம். என்ன, எங்கள் வீட்டில் போலீஸ் கொஞ்சம் கடுமை.

அதனால் கேட்டேன். "ரவ்ஹிய்யா! இதுல ஒரு பிளாஸ்டிக் நீட்டிக்கிட்டு இருக்கு. இழுத்துரட்டுமா?"

"கையை எடுங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் பாய்ந்தது. "புதுசு புதுசாவே இருக்கட்டும்!"

வாலைப் பத்திரமாக மடித்து உள்ளே செருகி மூடினேன்.

கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அது அப்போதுதான் கண் விழித்திருந்தது. மாடிப்படியில் ஒட்டுவதற்காக ஓர் அறிவிப்பை டைப் செய்து பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் பெருமூச்சு விட்டது. விளக்கு பச்சையாக எரிந்தது. தாள் சூடாக வந்தது. மடிப்பில்லாமல் வந்தது. வெள்ளை வெளேரென்று வந்தது.

ரவ்ஹிய்யா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"மாடிப்படியில யாரும் விதையைக் கொறிச்சுட்டுத் தோலைத் துப்பக் கூடாதுன்னு."

"அதான் ஒரு தோல்கூட இல்லாம சுத்தமா இருக்கு."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மேஜைக்குக் கீழே புகுந்தேன். கேபிளைக் கழற்றி, ஊதி, மாட்டினேன். இன்னொரு கேபிளை மாட்டினேன். பிரிண்டர் மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் "வெற்றிகரமாக அச்சடிக்கப்பட்டது" என்று கூசாமல் பொய் சொன்னது. பிறகு கேபிளையே பிடுங்கிவிட்டு, பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அமுக்கிச் சோதனைத்தாள் எடுத்தேன். அதுவும் வெள்ளை. கம்ப்யூட்டர் நிரபராதி. குற்றவாளி பெட்டிக்குள்தான் இருக்கிறான் என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டேன். என் அறிவின் எல்லை அதோடு முடிந்தது.

மேல்வீட்டு ஸுஹ்தி வந்தார். வருமான வரி ஆபீசில் வேலை. அதனால் உலகத்தில் எதைப் பற்றியும் அவருக்குத் தெரியும்.

"என்ஜினியரே, உள்ள பொடி உறைஞ்சு கெடக்கு. வெயில்ல வைங்க."

"லேசர் பிரிண்டரையா?"

"மீனை வெயில்ல வைக்கலையா?"

மீன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மூளை வேலை செய்யாது. இரண்டு பேருமாகத் தூக்கிப் போய் பால்கனியில் வைத்தோம். கீழே வண்டியில் அவரைக்கூட்டு விற்கிறவர் நிமிர்ந்து பார்த்து, "புது அடுப்பா ஃபிக்ரி பே? மப்ரூக்!" என்று வாழ்த்தினார். வெயில் காய்ந்த பிரிண்டர் முன்னைவிட உற்சாகமாக இன்னும் வெள்ளையான தாளைத் துப்பியது.

ஸுஹ்தி நெற்றியைச் சுருக்கினார். "இது கண்ணுதான். கீழ நின்னவன் கண்ணு." பண்டிகைக்கு வாங்கி வைத்திருந்த வெங்காயத்தாளைக் கேட்டு வாங்கி, கட்டாகக் கட்டி பிரிண்டருக்கு மேலே தொங்கவிட்டார். வெங்காயம் இருக்கும் வீட்டில் கெட்டது அண்டாதாம்.

"ஃபஸீக்குக்குத் தொட்டுக்க வச்சிருந்தேன்," என்றாள் ரவ்ஹிய்யா. "பரவால்ல, தொங்கட்டும். நபரோவுக்குப் போறப்ப கழட்டிக்கலாம்."

சனிக்கிழமை முழுக்க அவள் டெலிபோனை விடவில்லை. "காஞ்சுதா? இன்னொரு கோட் அடிக்கணுமா? சரி, நாளைக்குச் சொல்லுங்க." என்ன கோட், எது காய வேண்டும் என்று கேட்க எனக்கு நேரம் ஏது? நான் பஞ்சைச் சுற்றிய குச்சியால் பிரிண்டரின் காதைக் குடைந்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் தோல்வியை ஒப்புக்கொண்டேன். சோபாவில் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கிப் பழகினேன். ஒரு மீனுக்கே மூச்சு முட்டியது. இரண்டு மீன்!

டெலிபோன் அடித்தது. ரவ்ஹிய்யா எடுத்தாள், கேட்டாள், சிரித்தாள், குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள், வைத்தாள். நேரே பிரிண்டரிடம் போனாள். குழம்புச் சட்டியைத் திறக்கிற மாதிரி மூடியைத் திறந்து, டோனரை வெளியே எடுத்து, மடிந்து கிடந்த பிளாஸ்டிக் வாலைப் பிடித்து இழுத்தாள்.

சர்ர்ர்ர்ர்ர்!

நான் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தேன். இந்த வீட்டில் பிளாஸ்டிக் உரிகிறது! அதுவும் போலீஸ் கையாலேயே! வால் முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. டோனரைத் திரும்ப உள்ளே தள்ளி மூடிவிட்டு, "இப்ப அடிங்க," என்றாள்.

அடித்தேன். தாள் வந்தது. கன்னங்கரேலென்று எழுத்துகள்! மாடிப்படி, விதை, தோல், எல்லாம்!

நான் குதித்தேன். பிரிண்டரை முத்தமிட்டேன், உதடு சுட்டது, அப்படியும் இன்னொரு முத்தம் கொடுத்தேன். "ஜெயிச்சுட்டேன்! கடல்! காத்து!" என்று கத்திக்கொண்டே வெங்காயக் கட்டைத் தலையில் வைத்து ஆடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. அதை உரக்கச் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன்.

"மூட்டை கட்டியாச்சு," என்றாள் அவள். "கெளம்புங்க."

"இரு இரு. பிளாஸ்டிக்கை உரிக்காதேன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன், பழக்க தோஷம். அன்னிக்கு சாயந்திரமே டோனர் வந்த அட்டைப்பொட்டியில படத்தைப் பாத்தேன். ஒரு கை, ஒரு வாலு, ஒரு அம்புக்குறி. வாலை இழுத்தாத்தான் உள்ள இருக்கிற பொடி வெளிய வரும். பால்குடிக்கிற புள்ளைக்கும் புரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! மூணு நாளா மேஜைக்கு அடியில குடித்தனம் நடத்தியிருக்கேன்!"

"அண்ணன் எதுவும் முடிவு சொல்லலையே! அவங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. இன்னிக்குள்ள காஞ்சா நாம அங்க போகணும். காயலைன்னா அவங்க நம்மகூட கடலுக்கு வரணும். நான் எந்தப் பக்கம்னு வாலை இழுக்கிறது? இப்பதான் வழியிலேருந்து போன் பண்ணாரு. காயலையாம்."

கீழே ஹாரன் அலறியது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சின்ன லாரி. முன்னால் மச்சான், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், பாய், தலையணை. காற்று தெருவிலிருந்து மேலே வீசியது. முகர்ந்ததும் புரிந்துவிட்டது.

"மாப்ளே!" என்று மச்சான் கீழிருந்து முழங்கினார். "பந்தயத்துல ஜெயிச்சீங்களாமே! தங்கச்சி சொல்லுச்சு. மப்ரூக், மப்ரூக்! பின்னாடி ஏறுங்க, உங்களுக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்!"

ரவ்ஹிய்யா என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "பீப்பாய் ஆடாம கெட்டியாப் பிடிச்சுக்கங்க," என்றாள். "ஜெயிச்சவருக்குன்னு அண்ணன் தனியா இன்னொரு பீப்பாயும் போட்டுக் கொண்டாந்திருக்காரு."