மைக் பிடித்த மொழிக்காவலர்

மொழிக்காவலர் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். தோளில் ஒரு பை, பைக்குள் ஒலிப்பதிவுக் கருவி, வாயைத் திறந்தால் "அழிஞ்சுக்கிட்டே இருக்குங்க!" எங்கேயாவது ஒரு சின்ன மொழி லேசாக இருமினால் போதும், இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

நம்மவருக்கு அலைச்சல்கூட இல்லை. அழியும் மொழி அவர் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தது. மனைவியின் தாய்மொழி. அவளும் அவள் அக்காவும் மட்டும்தான் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் அக்காவும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு, பதில் சொல்ல ஒரு ஜீவன் இல்லையே என்று மனைவி உள்ளுக்குள் தவித்தாள்.

"நீங்க நாலு வார்த்தை கத்துக்கலாமே?" என்று கேட்டும் பார்த்தாள்.

"நானா? தப்புத் தப்பாப் பேசி மொழியைக் கெடுக்கவா? எனக்கு மொழிதான்மா முக்கியம்!"

எப்பேர்ப்பட்ட தியாகம், பாருங்கள்!

ஒரு நாள் மாலை வழக்கம்போல் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் மைக்கைக் குத்தி, அக்காவின் பேச்செல்லாம் சேமித்திருந்த கம்ப்யூட்டரை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வேற்றுமொழிச் சொல் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, ஜன்னலைச் சாத்தினால் அறை எதிரொலிக்கும் என்று சட்டங்களை அடுக்கிவிட்டுப் பதிவைத் தொடங்கினார். காற்று திசை மாறியது. சாய்வாக அடித்து வீட்டுக்குள் புகும் மழைக்கென்று அவள் மொழியில் தனிப் பெயரே உண்டு. வாசனையை வைத்தே அதைக் கண்டுபிடிப்பார்கள். அவளும் கண்டுபிடித்தாள். சொன்னாள்.

"பிரமாதம்! இன்னொரு தடவை, கொஞ்சம் உணர்ச்சியோட!"

ஜன்னலைக் காட்டிச் சொன்னாள்.

"கையை ஆட்டாதே, வளையல் சத்தம் விழுது."

மூன்றாவது தடவை அலறினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆகா! இந்த உயிர்த்துடிப்பு வேற எந்த மொழியில வரும்!"

மழை வந்தது. சாய்வாகத்தான் வந்தது. கம்ப்யூட்டர் ஒரு முறை சீறிவிட்டு அடங்கியது. பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் காவலர்களுக்கு ஏது?

"மழை வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மூணு தடவை சொன்னேன். நீங்கதான் பிரமாதம்னீங்க." அவள் முந்தானையால் கம்ப்யூட்டரைத் துடைத்தாள். "எங்க அக்கா குரல் அதுலதானே இருந்துச்சு..."

அவருக்கும் துக்கம்தான். பொய் சொல்லக் கூடாது. அடுத்த வாரமே ஒரு கூட்டம் போட்டு, பறிபோன அக்காவின் குரலைப் பற்றி ஒரு மணி நேரம் உருகினார். முன்வரிசையில் இருந்த மனைவி பொறுக்க முடியாமல் எழுந்து, தன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முதலில் தட்டியவர் அவர்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் ஏதோ சொன்னார். அதைப் போனில் பிடித்து, என்ன அழகான பேச்சு என்று நாலு பேருக்கு அனுப்பியும் விட்டீர்கள். சரி, அவர் என்ன சொன்னார்?