கால் டேங்குக்குக் கீழே

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் மகளும் அங்கே சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. உங்கள் கார் நலமில்லாமல் போய்த் திரும்பி வந்தது. உங்கள் அத்தையின் கண் இன்னும் நலமாகவில்லை. அவள் என்னிடம் பேசி இன்றோடு பதினான்கு நாள் ஆகிறது. என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் கார் சாவியோடு ஒரு தாளும் எழுதிக் கொடுத்தீர்கள். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவன் கையில் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும்? அன்றைக்கே சிவப்பு மையோடு உட்கார்ந்துவிட்டேன். அதில் நான்காவது வரி, ‘கால் டேங்குக்குக் கீழே பெட்ரோலை போகவிட கூடாது’ என்றிருந்தது. ஒரே வரியில் இரண்டு ஒற்றுப் பிழை. ‘பெட்ரோலைப்’ என்று ஒரு ‘ப்’பும், ‘போகவிடக்’ என்று ஒரு ‘க்’கும் போட்டு, திருப்தியாக அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த வரி ஏதோ சொல்ல வருகிறது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை, மாப்பிள்ளை.

அதுமட்டுமில்லை. கார் நிற்பது எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே. டேங்க் நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு அதன் மேலே எப்படித் தூங்குவது? அதனால் மஞ்சள் விளக்கு எரிந்தால் மட்டும் ஐந்து லிட்டர் போடுவேன். இரண்டு நாளில் மறுபடி எரியும். ஐந்து மாதம் அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. எனக்கும் அது பழகிவிட்டது. போகப் போகப் பின்சீட்டுப் பக்கமிருந்து ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. “பின்னாடி யாரோ அழுவுற மாதிரி இருக்குங்க” என்றாள் உங்கள் அத்தை. “பின்னாடி யாரு இருக்கா அழுவுறதுக்கு?” என்று ரேடியோவைக் கூட்டி வைத்தேன். அழுதது பெட்ரோல் பம்ப் என்பது பிறகுதான் தெரிந்தது.

கண் ஆபரேஷன் அன்று காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அத்தைக்குச் சொட்டு மருந்து விட்டு, கைப்பிடித்து ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாலத்தில் ஏறும்போது வண்டி விக்கியது. மிதித்தேன், இன்னும் விக்கியது. சரியாக உச்சியில், மூச்சை விட்டுவிட்டு நின்றுவிட்டது. பின்னாலேயே ஒரு பஸ். டிரைவர் தலையை நீட்டி, “பெரியவரே, நிறுத்துறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?” என்றார். “நான் எங்கப்பா நிறுத்துனேன்? அதுவா நின்னுடுச்சு” என்றேன். அவர் நம்பவில்லை என்பதை ஹாரனில் தெரிவித்தார்.

தெருமுனை மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “சாவிய லைட்டு எரியிற வரைக்கும் மட்டும் திருப்புங்க சார், ஸ்டார்ட் பண்ணாதீங்க. பின்சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்டு உம்முனு சத்தம் வருதா?” என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உம்மென்று இருந்தது உங்கள் அத்தை மட்டும்தான். ஃபியூஸைப் பார்க்கச் சொன்னார். அது நன்றாகவே இருந்தது. “அப்ப பம்ப்தான் மாட்டிக்கிச்சு. டேங்குக்கு அடியில கொஞ்சம் தட்டுங்க, அதே நேரத்துல இன்னொருத்தர் ஸ்டார்ட் பண்ணட்டும். சில சமயம் கடைசியா ஒரு தடவை சுத்தும்” என்றார். இன்னொருத்தருக்கு எங்கே போவது? பிறந்ததிலிருந்து டிரைவர் சீட்டில் உட்காராத உங்கள் அத்தையை உட்காரவைத்து, கியரை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, அவள் கையைப் பிடித்துச் சாவியைத் தொட்டுக் காட்டினேன். நான் வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, வலது கால் ஷூவைக் கழற்றி டேங்கைத் தட்டினேன். நாலாவது தட்டில் வண்டி உறுமியது மாப்பிள்ளை! பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒற்றை ஷூவோடு ஓடி வந்தேன். அதற்குள் அத்தை சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாள். “ஏம்மா அணைச்ச?” “ஸ்டார்ட் ஆவுதான்னுதானே பாக்கச் சொன்னீங்க? ஆச்சே!”

அதற்குப் பிறகு ஷூ கிழிந்ததுதான் மிச்சம்.

ஹாரன் அடித்த அந்தப் பஸ்காரரே பயணிகளிடம் வண்டியை ஓரமாகத் தள்ளச் சொல்லி, எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். மணி பத்தரை. டாக்டர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். இனி மூன்று வாரம் கழித்துத்தான். திரும்பி வரும்போது அத்தை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “ஒரு வண்டியப் பாத்துக்கத் தெரியல. என்னை எப்படிப் பாத்துப்பீங்க?” அதோடு வாய் மூடியவள்தான். தினமும் சுவரைத் தடவிக்கொண்டு தனியாகவே சமையலறைக்குப் போகிறாள். கை கொடுத்தால் தட்டிவிடுகிறாள். நாற்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

பட்டறையில் பின்சீட்டைத் தூக்கி, கீழே இருந்த வட்ட மூடியைத் திறந்து, பம்ப்பை வெளியே எடுத்தார் மெக்கானிக். அதன் வாயிலிருந்த வடிகட்டி, பல வருடம் கழுவாத டீ வடிகட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. “பெட்ரோல்ல முங்கி இருந்தாத்தான் சார் இதுக்குச் சூடு அடங்கும். டேங்க வறள விட்டா காஞ்சு, அடியில இருக்குற கசடையும் உறிஞ்சி, கருகிப்போவும். யாரு சார் ஓட்டுனது?” என்றார். இங்கேதான் நான் உங்களுக்குத் துரோகம் செய்தேன். “எங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். “வண்டி வெச்சுக்கத் தெரியாதவரு சைக்கிள் வெச்சுக்கலாம்னு அவருகிட்ட சொல்லுங்க” என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டதால் இங்கே தெரிவித்திருக்கிறேன். மன்னிக்கவும்.

இப்போது புதுப் பம்ப், புது வடிகட்டி, முழு டேங்க். தினமும் காலையில் சாவியைப் பாதி திருப்பி அந்த ‘உம்’மைக் கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன். ஓட்டத் தைரியமில்லை. ஆபரேஷனுக்கு வாடகைக் காரில்தான் போவோம். உங்கள் வண்டியை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததற்கு மன்னிக்கவும். நீங்கள் எழுதியதைப் படிக்காமல் திருத்தியதற்கு மன்னிக்கவும். மகளிடம் பக்குவமாகச் சொல்லவும்.

நீங்கள் இருவரும் ஏறுகிற எந்த மேட்டிலும் எதுவும் நிற்காமல் ஓடட்டும் என்று மனதார வாழ்த்தும்,
மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை வாயைத் திறந்தாள். “என்ன எழுதியிருக்கீங்க? படிங்க” என்றாள். ஒரு வரி விடாமல் படித்தேன். “இதுக்கா இவ்ளோ நீளம்? நான் அன்னைக்கே மாப்பிள்ளைகிட்ட போன்ல சொல்லிட்டேனே. அவர் சிரிக்கிறாரு. ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி சர்வீஸ் விட்டப்பவே பம்ப் போற நிலைமையில இருக்கு, மாத்திடுங்கன்னு சொன்னாங்களாம். அவசரத்துல மறந்துட்டாராம். மாமாகிட்ட சொல்லிடாதீங்க அத்தைன்னு கெஞ்சுனாரு” என்றாள். “அப்ப என்கிட்ட ஏன் பேசல?” என்றேன். “நீங்களா எப்ப வாயத் திறந்து ஒத்துக்குவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்” என்று சொல்லி, எழுந்திருக்கக் கையை நீட்டினாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே எங்கெல்லாம் ‘மன்னிக்கவும்’ என்று இருக்கிறதோ அங்கெல்லாம் அது நீங்கள் எனக்கு எழுதியதாக வாசித்துக்கொள்ளவும்.