வார்டு ஜன்னலும் மூன்றாம் அட்டவணையும்

பதினோராவது நிபுணரும் "மன்னிக்கவும், நேரமில்லை" என்று எழுதிவிட்டார். மருத்துவ ஆய்விதழின் உதவி ஆசிரியர் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஊரடங்கு வந்த நாளிலிருந்து அதுதான் அவருடைய அலுவலகம்.

ஆஸ்பத்திரி வார்டில் தினம் இரண்டு மணி நேரம் ஜன்னலைத் திறந்துவைத்தால் தொற்று பாதியாகக் குறையும் என்றது கையிலிருந்த கட்டுரை. வெளியார் ஒருவர் படித்துச் சரி சொல்லாமல் அச்சேற்றக் கூடாது என்பது இதழின் விதி. படிக்க வேண்டியவர்களோ நோயாளிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கைபேசி அடித்தது. அக்கா. தொற்று வார்டில் நர்ஸ்.

"அந்த ஜன்னல் கட்டுரை என்னடா ஆச்சு?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் போன வாரம் அவளிடம் உளறியது அவர் தப்பு.

"படிச்சுப் பார்க்க ஆள் கிடைக்கலக்கா."

"இங்க நேத்து இன்னும் ரெண்டு நர்ஸ் படுத்துட்டாங்க. ஜன்னலைத் திறக்கலாமான்னு கேட்டா, அச்சுல வரட்டும்ங்கறார் பெரிய டாக்டர். அடுத்தது நான்தான், பார்த்துக்கோ."

அதற்கு மேல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதியவர் பெயர் படிப்பவருக்குத் தெரியக் கூடாது. பெயர்களை நீக்கும் குமாஸ்தா காய்ச்சலில் கிடந்ததால், பெயர்கள் இருந்த முதல் பக்கத்தை ஏறெடுத்தும் பாராமல் தானே வெட்டினார். பிறகு மேற்கோள் பட்டியலைப் பார்த்தார். ஒரு பேராசிரியரின் பெயர் மட்டும் பத்தொன்பது தடவை வந்திருந்தது. இந்த விஷயத்தில் அவரைவிடத் தெரிந்தவர் யார்?

"மாட்டினார்!" என்று அவருக்கே அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. நான்கு பக்கம், கிழிகிழி என்று கிழித்திருந்தது.

'மூன்றாம் அட்டவணை சுத்தத் தப்பு. வேறு வார்டுக்கு மாற்றப்பட்ட நோயாளிகளை விட்டுவிட்டார்கள். அவர்களையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் போதாது. நாள் முழுக்கத் திறக்க வேண்டும். யார் பெருமைக்காக இந்த அவசரம்?'

அப்படியே அச்சேறியிருந்தால், இரண்டு மணி நேரம் திறந்துவிட்டு அக்கா நிம்மதியாக இருந்திருப்பாளே!

அறிக்கையை எழுதியவருக்கு அனுப்புவதற்காக, வெட்டிப்போட்ட முதல் பக்கத்தைத் தேடி எடுத்தார். முதல் பெயரே அந்தப் பேராசிரியர்தான்!

தன் கட்டுரையைத் தானே கிழிக்கிற நேர்மையா! உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டுவிட்டு அறிக்கையை அனுப்பினார். அரை மணியில் பேராசிரியரே கூப்பிட்டார்.

"எவன்யா அந்த முட்டாள்? அட்டவணையைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? பேரைச் சொல்லு!"

"சொ... சொல்லக் கூடாதுங்க சார். விதி."

"அவன் இருக்கிற வரைக்கும் இந்தத் துறை உருப்படாது!"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

கும்பிட்ட கையால் தலையில் அடித்துக்கொண்டு முதன்மை ஆசிரியரிடம் உண்மையைக் கக்கினார்.

"எழுதினவருக்கே அனுப்பினீரா? உம்மை வேலைக்கு வெச்சதுக்கு என்னைச் சொல்லணும். அந்த அறிக்கை செல்லாது. திருத்தச் சொல்லும், புதுசா ஆளைப் பிடியும்!"

திருத்திய அட்டவணை ஒரே மணி நேரத்தில் பேராசிரியரின் ஆராய்ச்சி மாணவியிடமிருந்து வந்தது. முன்பே தயாராக வைத்திருந்தாற்போல. புதிதாகப் பிடித்த நிபுணர் ஆம்புலன்ஸில் போகிறபோதே படித்துச் சரி சொன்னார். அன்று சாயங்காலமே கட்டுரை எல்லோருக்கும் இலவசமாக வெளியானது.

"ஜன்னலெல்லாம் நாள் முழுக்கத் திறந்தாச்சுடா!" அக்காவின் குரல் உடைந்தது. அவருக்கும் கண் கலங்கியது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாணவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க சாருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? அவர் கட்டுரையை அவரே திட்டி எழுதிட்டு, எழுதின முட்டாள் யாருன்னு என்னையே கேக்கறாரு!"

மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"சார் நல்லாத்தான் இருக்காருங்க. அவர் பேர்ல போற கட்டுரை எல்லாம் நான்தான் எழுதறேன். அவருக்கு வர்ற கட்டுரைக்கு அறிக்கை எழுதறதும் நான்தான். மாத்தின நோயாளிகளை விட்டுடச் சொன்னது மட்டும் அவர்தான். அட்டவணை தப்புன்னு நேர்ல நாலு தடவை சொன்னேன், காதுலயே வாங்கல. அதையே நீங்க பேர் போடாம அனுப்பினதும்தான் காதுல வாங்கினாரு!"